கூட்டத்துக்கு யார் யார் வந்தாங்க?

எமதேனி
20 பிப்ரவரி 2005

நொமொந்தே அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவள் லீவு முடியும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். வாசல்வரை ஓடி வந்த லியேமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளை வாய் தவறி என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்கு, எட்டு வயதுப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, "பெத்தவ நானு, பேரு உனக்கா?" என்று கேட்டாய். அம்மாவின் தங்கையும் அம்மாதான் என்பது நம் வழக்கம். அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

சரி, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். லியேமாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் பேசலாம், குன்றின் மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கிறது. ஆனால் போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயத்துக்கு வருவதற்குள் பேலன்ஸ் தீர்ந்துவிடும். அதனால் கேப் டவுன் பஸ் ஓட்டும் சாகி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்திவிட்டாள். போன வருடம் இரண்டாம் வகுப்பில் படிப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இந்த ஜனவரியில் மூன்றாம் வகுப்பு ஏறினாள். பென்சிலை அழகாகச் சீவுகிறாள், நோட்டில் தேதி எழுதுகிறாள், தன் பெயரை எழுதுகிறாள். அவ்வளவுதான். படிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாய் திறப்பதில்லை. அழுகை இல்லை, அடம் இல்லை. அவளுடைய வகுப்பு டீச்சர் நொஃபிஷி மிஸ் நம் குலப்பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். "மாரதேபே, மாட்டேன்னு சொல்ற பிள்ளைய அதட்டலாம், கெஞ்சலாம். இது ஒண்ணும் சொல்லாம நிக்குது. நான் என்னத்தப் பண்ண?" என்றாள்.

எங்கள் பள்ளியில் உதவிக்குழு என்று ஒன்று இருப்பதும், நான்தான் அதற்குப் பொறுப்பு என்பதும் உனக்குத் தெரியும். ஒரு பிள்ளை தடுமாறினால் வகுப்பு டீச்சர், தலைமையாசிரியர், நான், பிள்ளையின் அம்மா அல்லது அப்பா, எல்லோரும் வியாழக்கிழமை மாலை ஸ்டாஃப் ரூமில் கூடுவோம். எங்கே சிக்கல், யார் என்ன செய்வது, எப்போது மறுபடி உட்கார்ந்து பார்ப்பது என்று பேசி முடிவெடுப்போம். போன வருடம் புமேசா என்ற பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் ஓட்டல் சமையல் வேலையில் இருக்கும் அவள் அம்மாவுக்கு ஆள்விட்டோம். வந்தாள். கூட்டத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு வாரம் இருந்து, தினமும் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டி வந்தாள். பள்ளிக்கூடமே ஜன்னலில் தொங்கி வேடிக்கை பார்த்தது. இப்போது புமேசா நன்றாகப் படிக்கிறாள்.

லியேமாவுக்கும் கூட்டம் போட்டோம். தலைமையாசிரியர் சோந்தி சார், "அம்மாவுக்குச் சொல்லி அனுப்பணுமே" என்றார். நொஃபிஷி மிஸ் சிரித்தாள். "அம்மா இங்கயேதான் சார் ஒக்காந்திருக்கா. சின்னம்மா அம்மா இல்லாம வேற யாரு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது.

முன்வரிசையில் உட்கார வைப்பது, கேள்விகளைச் சின்னதாக்கிக் கொடுப்பது, இடைவேளையில் படிக்க ஒரு துணை சேர்ப்பது, வீட்டில் நான் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். சில வாரம் போகட்டும்.

அவள் உன்னைப் பற்றிக் கேட்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
ஸோலேக்கா


கேப் டவுன்
6 மார்ச் 2005

ஸோலேக்கா,

நான் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் லதேகன் மதியத் தூக்கத்தில் இருக்கிறார். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபம் என்று வைத்துக்கொள்.

பள்ளிக்கூடத்துக்கும் நீ, வீட்டுக்கும் நீ. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லி, நீயே முடிவும் எடுத்துவிட்டு எனக்குத் தகவல் அனுப்புகிறாய். உட்கார இடம் கொடுத்தேன், நீ கால் நீட்டிப் படுத்துக்கொண்டாய். புமேசாவின் அம்மாவுக்கு ஜோகன்னஸ்பர்க்குக்கு ஆள்விடத் தெரிந்தவர்களுக்கு கேப் டவுன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா?

வழக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. அம்மாவின் தங்கையும் அம்மாதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த வழக்கத்தை வைத்தவர்கள் ஒரே முற்றத்தில் இருந்தார்கள். இரண்டு அம்மாவும் ஒரே பானையில் களி கிண்டினார்கள். ஒரு அம்மா ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை.

இந்தக் கிழவிக்கு ஒரே மகள், பெயர் எல்சா, ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். கிழவிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் தேநீர் கொண்டுபோனால் என்னைப் பார்த்து, "எல்சா, வந்துட்டியா?" என்கிறார். முதலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அழுதார். இப்போது "வந்துட்டேம்மா" என்கிறேன். யாரோ ஒருத்திக்கு மகளாக இருக்கிறேன். என் மகளுக்கு அம்மாவாக இருக்கத்தான் எனக்குக் கொடுப்பினை இல்லை.

அவள் என்னைக் கேட்பதே இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் தலையை யார் பின்னிவிடுகிறார்கள்? இறுக்கிப் பின்னினால் நெற்றி வலிக்கும் அவளுக்கு. அடுத்த கூட்டம் எப்போது என்று எனக்குச் சொல். கூப்பிடு என்று கெஞ்சவில்லை. சொல், அது போதும்.

நொமொந்தே


எமதேனி
24 ஏப்ரல் 2005

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். தலைப்பின்னல் பற்றிய வரி கண்ணில் பட்டது, எடுத்துவைத்துவிட்டேன். நான்தான் பின்னிவிடுகிறேன். தளர்த்திதான் பின்னுகிறேன்.

இரண்டாவது கூட்டம் முடிந்தது. இந்த முறை கிளினிக் நர்ஸையும் வரச் சொல்லியிருந்தோம். கண் நன்றாக இருக்கிறது. காதைப் பற்றிக் கேட்டதற்கு, "இந்தக் காதுக்கு அடுத்த ஊர்ல கோழி கூவுனாலும் கேக்கும். நீங்க பேசுறது இப்பவே கேக்கும், மெதுவாப் பேசுங்க" என்றாள். பசியா என்று பார்த்தோம். பள்ளியில் போடும் சாப்பாட்டையும் சாப்பிடுகிறாள், வீட்டுக்கு வந்து புளித்த பாலும் களியும் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறாள். யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று விசாரித்தோம். அதுவும் இல்லை.

படிக்கத் துணையாக புமேசாவையே சேர்த்துவிட்டோம். புமேசா சத்தமாகப் படிப்பாள், லியேமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். ஒரு நாள் புமேசா ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிட்டாளாம். லியேமா வாய் திறக்காமல், விட்டுப்போன வரியில் விரலை வைத்துக் காட்டினாளாம். நொஃபிஷி மிஸ் சத்தியம் செய்கிறாள். "அதுக்குப் படிக்க வருது மாரதேபே. உள்ள வச்சுப் பூட்டியிருக்கு. சாவிதான் எங்கன்னு தெரியல" என்கிறாள்.

சோந்தி சார் இந்த முறையும் உன்னைப் பற்றிக் கேட்டார். உனக்கு லீவு கிடைக்காது என்று நான்தான் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டு.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, லியேமா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அவளாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

"முடிஞ்சிருச்சா சின்னம்மா?"

"முடிஞ்சிருச்சுடா."

"யார் யார் வந்தாங்க?"

சோந்தி சார், நொஃபிஷி மிஸ், நர்ஸ், நான் என்று சொன்னேன். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். தண்டனை கிடைக்குமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது. பாவம்.

வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. டிசம்பரில் நாம் போட்ட சத்தத்துக்குக்கூட ஏங்கிப் போகிறேன்.

ஸோலேக்கா


கேப் டவுன்
15 மே 2005

ஸோலேக்கா,

திட்ட மாட்டேன். லீவு கிடைக்காது என்று நீ சொன்னது பொய்யாக இருந்தாலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் லீவு கேட்கவே இல்லை.

கேட்கலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் டிசம்பர் ஞாபகத்துக்கு வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கையை விரித்துக்கொண்டு வந்தேன். லியேமா உன் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த ஆசை அந்த இடத்திலேயே கொட்டிப்போனது. மறுபடியும் அப்படிப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. இங்கே இருந்துகொண்டு, அவளுக்கு என் மேல் ஆசை இருக்கும் என்று நினைத்துக்கொள்வது சுலபம். வந்து பார்த்துவிட்டால் நினைத்துக்கொள்ளவும் ஒன்றும் மிஞ்சாது.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. கிழவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பாதையில் போவேன், இப்போது அதுவும் இல்லை. எதிரே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போகும். "குளிருது எல்சா" என்பார் கிழவி. "ரெண்டு நிமிஷம்மா" என்பேன்.

அவளுக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் வாங்கினேன். பெரிதாக இருந்தால் நீ போட்டுக்கொள்.

நொமொந்தே


எமதேனி
14 ஆகஸ்ட் 2005

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. கிழவி தூங்கும்போது படி.

வியாழக்கிழமை மூன்றாவது கூட்டம். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு முறை திட்டம் போட்டும் பலனில்லை என்றால் அவர்களைக் கூப்பிட்டாக வேண்டும், அது விதி. அந்த அம்மா லியேமாவின் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தேதியும் பெயரும். "நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டீங்க. ஜனவரியில ஈஸ்ட் லண்டன் சிறப்புப் பள்ளியில இடம் கேட்போம். ஹாஸ்டல் இருக்கு, நல்லாப் பாத்துப்பாங்க" என்றார். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"யார் யார் வந்தாங்க சின்னம்மா?"

"எப்பவும் வர்றவங்கதான். புதுசா ஒரு அம்மாவும் வந்திருக்காங்க" என்றேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை, பையைக் கீழே போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினாள். கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். மாவட்ட அம்மா எண்ணெயில் பொரித்த அமக்வின்யாப் பணியாரத்தைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வேற யாரும் இல்லையா?"

"இல்லடா."

"அப்ப இன்னும் கொறச்சுப் படிக்கணுமா?"

எனக்குப் புரியவில்லை. என்னடா சொல்கிறாய் என்று கேட்டேன்.

"புமேசாவுக்கு ஒண்ணுமே வரல, அதான் அவங்கம்மாவக் கூப்டாங்க. நான் தேதியும் பேரும் எழுதிடுறேன். அதையும் எழுதலன்னா எங்கம்மாவக் கூப்பிடுவீங்களா?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. ஜனவரியிலிருந்து அவள் படித்த படிப்பு இதுதான். நாங்கள் ஐந்து பேர் படித்தவர்கள் சுற்றி உட்கார்ந்து, கண்ணைப் பார்த்தோம், காதைப் பார்த்தோம், வயிற்றைப் பார்த்தோம். அவள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெளியே நின்று, நீ வந்திருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏற்கெனவே வந்துவிட்டாள் என்று நாங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. தோளைத் தொட்டு, "நீங்க நல்லாதான் சமைக்கிறீங்க சின்னம்மா" என்றாள்.

எனக்கு வலித்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்றது நீ, வளர்த்தது நான், அவள் எழுதாமல் இருந்தது உனக்காக. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அப்படிச் சொன்னவனின் பிள்ளை அவன் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

மறுநாளே குழுவைக் கூட்டிச் சொன்னேன். நொஃபிஷி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள். "இவ அம்மா வந்தா என்ன ஆகும் தெரியுமா? என் க்ளாஸ்ல முக்கால்வாசிப் பிள்ளைக்கு அம்மா ஊர்ல இல்ல. நாளைக்கே அத்தனையும் பென்சிலக் கீழ வச்சிடும்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பயந்து இந்தப் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்ப முடியாது.

உதவிக்குழுவின் பொறுப்பாளராக எழுதுகிறேன். லியேமாவின் அம்மா நொமொந்தே அவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும். தங்கையாக எழுதுகிறேன். வா அக்கா.

ஸோலேக்கா


கேப் டவுன்
28 ஆகஸ்ட் 2005

ஸோலேக்கா,

வருகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குப் போன் போட்டு எல்சாவிடம் சொன்னேன். என் மகளுக்கு என்னைப் பார்க்க வேண்டுமாம், வேலை போனாலும் பரவாயில்லை, போகிறேன் என்றேன். அம்மாவுக்குத் துணைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்கிறேன், போய் வா என்றாள். அழுத மாதிரி இருந்தது.

லியேமாவிடம் சொல்லாதே. பஸ் வழியில் நின்றுவிட்டால் ஏமாந்துபோவாள். இல்லை, சொல்லிவிடு. இத்தனை நாள் காத்தவளுக்கு இன்னும் என்ன மறைப்பது? இல்லை, வேண்டாம். எனக்குப் புரியவில்லை, நீயே பார்த்துச் செய்.

ஒளிந்துகொண்டது வெட்கமா ஸோலேக்கா? வெறும் வெட்கம்தானா? அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேனே.

நொமொந்தே


கேப் டவுன்
9 அக்டோபர் 2005

அன்புள்ள ஸோலேக்கா,

திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். கிழவிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் இடத்துக்கு வந்திருந்த பெண்ணைத்தான் எல்சா என்று கூப்பிடுகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு என்ன வராது என்று பேசும் முன்பு, என்ன வரும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நொஃபிஷி மிஸ் சொன்னாள், நர்ஸ் சொன்னாள். பிறகு சோந்தி சார் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத் தெரியாததா? லியேமாவுக்கு என்னெல்லாம் நல்லா வரும்?" என்றார்.

மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை ஸோலேக்கா. அவளுக்கு நாலு வயதில் நான் கிளம்பினேன். அதற்குப் பிறகு டிசம்பர்களைத்தான் பார்த்தேன். டிசம்பரில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், புதுச்சட்டையும் இனிப்பும். கடைசியில், "நல்லாச் சாப்பிடுவா சார்" என்றேன். சோந்தி சார் அதைப் பெரிய விஷயம்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

உனக்கு எல்லாம் தெரியும். அடுத்தது உன் முறை. "அக்கா சொன்னதுதான் சார், எனக்குத் தனியா ஒண்ணுமில்ல" என்றாய். என்னைவிட ஒரு வார்த்தை அதிகம் தெரிந்ததாக நீ காட்டிக்கொள்ளவில்லை. டிசம்பரில், பேரு உனக்கா என்று நான் உன்னைக் கேட்ட கேள்விக்கு அன்று நீ பதில் சொல்லிவிட்டாய். என் வாயில் மண் விழ.

பஸ் நிலையத்தில் நீ டிக்கெட் வாங்கப் போயிருந்தாய். அவள் பஸ்ஸில் எழுதியிருந்ததையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். ஊர்ப் பெயர்கள், கம்பெனி பெயர், எச்சில் துப்பாதீர், ஆடு கோழி ஏற்றக்கூடாது, ஒன்றையும் விடவில்லை. சாகி அண்ணன் இறங்கி வந்து, "இந்தப் பிள்ளைக்கா படிக்க வரலன்னாங்க? என் பஸ்ல இவ்வளவு சட்டம் இருக்குன்னு எனக்கே இப்பதான் தெரியுது" என்றார். பஸ் நகர்ந்தபோது அவள் அழவில்லை. நான் ஊரின் எல்லை வரை அழுதேன்.

இனி அவளைப் பிரிந்திருக்க என்னால் முடியாது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பகல் வேலை இருக்கிறது, ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நகரத்து ஓரத்தில், கயெலிட்ஷாவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். கதவு, ஜன்னல் எல்லாம் உண்டு, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவளை என்னோடு அழைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். சொல்லவில்லை, கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் மறுபடி கேட்பேன். ஆனால் உன்னைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

அக்கா


எமதேனி
20 நவம்பர் 2005

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை என்று சாக்குச் சொல்லலாம். வேலையும் இருந்தது.

நீ பஸ் ஏறிய மறுவாரமே நொஃபிஷி மிஸ்ஸின் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் வெற்றுத்தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒருவன் வகுப்பிலேயே முதல் மாணவன். "எழுதத் தெரியலயா?" என்று கேட்டதற்கு, "தெரியல மிஸ். எங்கப்பா ரஸ்டன்பர்க்ல இருக்காரு, நம்பர் தரவா?" என்றானாம். நொஃபிஷி மிஸ் தாள்களை என் மேசையில் போட்டு, "நான் அப்பவே சொல்லல?" என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய மகனும் டர்பனில்தான் இருக்கிறான், ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது.

அதற்கும் ஒரு கூட்டம் போட்டோம். சோந்தி சார்தான் முடித்து வைத்தார். "பிள்ளைங்க மேல தப்பில்ல. தோத்தாத்தான் நாம அம்மாவக் கூப்பிடுறோம். நல்லாப் படிக்குதுன்னு யாரையாவது கூப்பிட்டிருக்கமா?" என்றார். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள் அல்லவா? டிசம்பர் இருபதாம் தேதி, லீவாக இருந்தாலும் பள்ளியைத் திறக்கப் போகிறோம். படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை எல்லோருடைய அம்மா அப்பாவையும் வரச் சொல்லிவிட்டோம். இனி ஒவ்வொரு டிசம்பரிலும் இது உண்டு. பிள்ளைகளிடம் தேதியைச் சொன்னோம். மறுநாள் ஐந்து பேரும் தாள் நிறைய எழுதிக் கொடுத்தார்கள். லியேமா பின்பக்கமும் எழுதி, இன்னொரு தாள் கேட்டாள். ஈஸ்ட் லண்டன் பேச்சை மாவட்ட அம்மாவே விட்டுவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கூட்டிக்கொண்டு போ. உதவிக்குழுவின் பொறுப்பாளராகச் சொல்கிறேன், இதைவிட நல்ல திட்டம் அவளுக்கு யாராலும் போட முடியாது. தங்கையைக் கேட்காதே.

ஸோலேக்கா


எமதேனி
19 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. அங்கேயும் இந்த மாதம் அவளுக்கு ஒரு கூட்டம் போடுகிறார்கள், உன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பயந்துபோய் எழுதியிருந்தாய். பயப்படாதே. அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. ஊர்விட்டு ஊர் வந்த புதுப்பிள்ளைகளுக்கு அப்படிக் கூடிப் பேசுவது நல்ல பள்ளிக்கூடத்துக்கு அடையாளம். தைரியமாகப் போ.

இங்கே எல்லோரும் சுகம். நான்தான் இன்னும் இரண்டு பேருக்குக் களி கிண்டிவிட்டு, மீதியை நொஃபிஷி மிஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "மாரதேபே, நான் குண்டாயிட்டே போறேன், ஒரு பூனையாவது வளத்துக்க" என்கிறாள். மாலையில் பள்ளி விட்டதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கண் போகிறது. இப்போது அங்கே யார் யாரோ பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அந்தக் கூட்டத்திலும், அவளுக்கு என்ன வரும் என்று உன்னைக் கேட்பார்கள். இந்த முறை சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாதே. ஐந்தாம் வகுப்புப் புத்தகம்வரை தடுமாறாமல் படிப்பாள் என்று சொல். கணக்கை மனதிலேயே போட்டுவிடுவாள், ஆனால் வழியை எழுதிக் காட்டச் சொன்னால் சோம்பல். பக்கத்துப் பிள்ளை தப்பாகப் படித்தால் காட்டிக்கொடுக்க மாட்டாள், விரலை வைத்துக் காட்டுவாள். நம் வீட்டுக் கன்று இருட்டில் தொலைந்தபோது அதன் சத்தத்தை வைத்தே தேடிக் கொண்டுவந்தாள். நகைச்சுவை சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பாள், ஆனால் அதை நினைத்து மறுநாளும் சிரிப்பாள். யாருக்காவது மனம் நோகும் என்று தெரிந்தால், அவர்கள் சமைப்பது நன்றாக இருக்கிறது என்று சொல்வாள். என் களி எப்போதும் அடிப்பிடித்ததுதான் அக்கா. ஒரு காரியத்தை மனதில் வைத்துவிட்டால் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் காத்து நிற்பாள். அதை மட்டும் அவள் டீச்சரிடம் அழுத்திச் சொல். அமைதியாக இருக்கிறாள் என்று விட்டுவிடப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு, என்ன வராது என்று கேட்பார்கள். சின்னம்மா பக்கத்தில் படுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்று சொல். நன்றாகத் தூங்குகிறாள் என்றாலும், அப்படியே சொல்.

உன் தங்கை,
ஸோலேக்கா